ஆண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்த பிறகு: முதல் ராத்திரியிலிருந்து ஆறு மாதம் வரை

எங்கள் வீட்டு நாய்க்குப் புலி என்று பெயர். பெயரில் மட்டும்தான் புலி, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நாட்டு நாய், 18 கிலோ, ஒன்றரை வயதில் கருத்தடை செய்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் ராத்திரி, பாவம் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் மாதிரியான கோனை நான்தான் கழற்றி வைத்தேன். போன் அடித்தது. பேசிவிட்டு வர ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இரண்டு தையலைக் காணோம், காயம் மீன் வாய் மாதிரி திறந்து கிடந்தது. ஒன்பதரை மணிக்கு ஆட்டோ பிடித்து ஓட்டம், திரும்ப மயக்க ஊசி, திரும்பத் தையல், நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

நாய் இரண்டு நாளில் தேறிவிடும், காயம் தேற 10 முதல் 14 நாள் ஆகும். நடுவில் வரும் நாட்களில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. அதனால் இதில் ஆபரேஷனைப் பற்றிக் கொஞ்சமும் அதற்கு அப்புறம் வீட்டில் நடப்பதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

என்ன எடுத்திருக்கிறார்கள்

குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லிச் சொல்லி, மனிதர்களுக்குச் செய்வது போலக் குழாயை மட்டும் கட்டிவிடுவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் விதைப்பைக்குச் சற்று முன்னால், குறிக்கும் பைக்கும் நடுவில் ஒரே ஒரு சின்ன வெட்டு, அதன் வழியாகவே இரண்டையும் எடுத்துத் தைத்துவிடுவார்கள். பை அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுமே எடுக்காதது போலத் தெரியும், அதுவும் இரண்டாம் மூன்றாம் நாள் பை கொஞ்சம் வீங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டாக்டர் ஏமாற்றவில்லை. சின்ன வயது நாய்க்கு அந்தப் பை சில வாரங்களில் சுருங்கி உடம்போடு ஒட்டிவிடும், வயதான நாய்க்கு வெறும் தோலாகத் தொங்கிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஒரு விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட நாய் என்றால் கதை வேறு. வயிற்றைத் திறந்து தேடி எடுக்க வேண்டியிருக்கும், காயமும் பெரிதாக இருக்கும், ஓய்வும் கூடுதலாக வேண்டும். உள்ளே தங்கிய விதையில் பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதைக் கட்டாயம் எடுத்துவிடச் சொல்வார்கள்.

கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன்

நான்கு கேள்வி கேளுங்கள். தையல் தானாகக் கரைவதா, வந்து பிரிக்க வேண்டியதா? வலி மருந்தின் முதல் வேளையை இங்கேயே கொடுத்துவிட்டார்களா, அடுத்தது எத்தனை மணிக்கு? ராத்திரி ஏதாவது ஆனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? திரும்ப எப்போது காட்டுவது? மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்க முயற்சி செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கேயே நின்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நல்ல வெளிச்சத்தில் காயத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அதே மாதிரி ஒன்று. நேற்றைவிட இன்று சிவந்திருக்கிறதா என்று நினைவில் வைத்துச் சொல்லவே முடியாது, போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும்.

முதல் ராத்திரி

பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், தயாராக இருங்கள். குடித்தவன் மாதிரி ஆடி ஆடி நடப்பான், பின்னங்கால் இழுபடும், போட்ட மருந்தைப் பொறுத்துக் கண்ணைத் திறந்து வைத்தபடியே படுத்திருப்பான். சில நாய்கள் மணிக்கணக்கில் முனகும். அது முழுக்க வலியால் வரும் அழுகை இல்லை, மயக்க மருந்து இறங்கும்போது வரும் குழப்பமும் சேர்ந்ததுதான். லேசாக இருமினால் பயப்படாதீர்கள், மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தால் தொண்டை ஓரிரு நாள் கரகரப்பாக இருக்கும். முன்னங்காலில் ஒரு இடத்தில் முடி மழித்திருப்பது டிரிப்ஸ் ஏற்றிய இடம். இந்தத் தூக்கக் கலக்கம் 12 முதல் 24 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேலும் எழுப்பவே முடியாமல் கிடந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

தரையில் பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு சுத்தமான துண்டு, அவ்வளவு போதும். சோபா, கட்டில், மாடிப்படி மூன்றும் கூடாது, கால் சரியாக ஊன்றாத நாய் குதித்தால் தையல் தாங்காது. மயக்க மருந்துக்குப் பிறகு உடம்புச் சூடு குறையும் என்பதால் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் போடாதீர்கள், அதற்காக நம் ஊர் வெயிலில் கம்பளியைப் போட்டு மூடவும் வேண்டாம். ஃபேன் போதும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அந்த ராத்திரி தனி அறை. தள்ளாடும் நாயை, கூடவே வளர்ந்த நாய்கூடச் சீண்டிப் பார்க்கும்.

தண்ணீர் முதலில் கொஞ்சமாக, அது வாந்தியாக வராமல் தங்கினால் வழக்கமான அளவில் கால் பங்கு சாப்பாடு. சோறும் வேகவைத்த சிக்கனும் போதும், உப்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். சாப்பிடவே மறுத்தால் அன்று விட்டுவிடுங்கள், ஊட்டாதீர்கள், அரைத் தூக்கத்தில் இருக்கும் நாய்க்கு வாயில் வைத்துத் திணித்தால் புரை ஏறும். ஒரு முறை வாந்தி எடுத்தால் பரவாயில்லை. மலம் கழிக்க ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகலாம், ஆபரேஷனுக்கு முன் பட்டினி போட்டதையும் மயக்க மருந்தையும் நினைத்துப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கும்? ஆனால் சிறுநீர் 24 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

இன்னொன்று, வலிக்கிறதே என்று வீட்டு டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ பதம் பார்க்கக்கூடியவை. டாக்டர் எழுதிக் கொடுத்த மெலாக்சிகாம் போன்ற மருந்தை மட்டும், அவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அதைக் கொடுத்த பிறகு வாந்தி தொடர்ந்தாலோ மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனாலோ நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் தேறிவிடுவான், ஏமாந்துவிடாதீர்கள்

இரண்டாம் நாள் கொஞ்சம் மந்தமாக இருப்பான், சாப்பிடுவான், தூங்குவான். மூன்றாம் நாள் காலையில் பந்தை வாயில் கவ்விக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பான். அவனுக்கு வலி போய்விட்டது, அவ்வளவுதான். வெளித்தோல் பார்க்க ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஓடினால், குதித்தால், இன்னொரு நாயோடு புரண்டு விளையாடினால், உள்ளே கசிந்த ரத்தம் விதைப்பைக்குள் தேங்கி பந்து மாதிரி வீங்கும். வளர்ந்த, பெரிய உடம்புள்ள நாய்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

அதனால் 10 முதல் 14 நாளும் சங்கிலியில்தான் நடை, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போய்வர ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுவதும் ஓட்டம்தான். கேட் திறந்தால் பாய்கிற பழக்கம் உள்ளவன் என்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள்.

சும்மா கிடந்தால் அவனுக்குக் கிறுக்குப் பிடிக்கும், வீட்டில் இருக்கும் செருப்பெல்லாம் போகும். சிக்கன் வேகவைத்த தண்ணீரை ஐஸ் ட்ரேயில் உறைய வைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், நக்கிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டினான். எப்படியும் நாக்குக்கு ஏதாவது வேலை வேண்டும், அந்த வேலை காயத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

கோன்

புண்ணை நாய் நக்கினால் ஆறிவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தையல் போட்ட காயத்துக்கு அது நேர் எதிர். நாக்கு சொரசொரப்பு, வாயில் கிருமி, முன்பற்கள் சின்னக் கத்தரிக்கோல். சுற்றி மழித்த இடத்தில் அரிப்பு எடுக்கும், அதற்காகவே நக்க ஆரம்பிப்பான், அங்கிருந்து தையலுக்குப் போவான்.

கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த அளவைப் போட்டுக்கொண்டு வந்தால் போதாது, நாய் உடம்பை வளைத்து நாக்கை நீட்டும்போது எட்டுகிறதா என்று பாருங்கள், ஒல்லியாக நீண்ட கழுத்தும் நீண்ட மூஞ்சியுமாக இருக்கும் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குச் சாதாரண கோன் சர்வசாதாரணமாக ஏமாற்றிவிடும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வாக இருந்தால் முன்னங்காலை விட்டு இழுத்துக் கழற்றிவிடுவான்.

முதல் நாள் கோனோடு கதவில் இடிப்பான், உங்கள் முழங்காலில் மோதுவான், சிலையாக நின்றுவிடுவான். பரிதாபமாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும், அதுவரை உங்கள் மனதுதான் கெட்டியாக இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கோனின் வாயைவிடச் சின்னதாக இருந்து, ஒரு செங்கல் மேல் வைத்தால், கழற்றாமலேயே சாப்பிடுவான். இதை நான் நான்காம் நாள்தான் கண்டுபிடித்தேன், ஒரு நாள் லேட்.

பழைய பனியனைத் திருப்பிப் போட்டு, பின்னங்கால்களைக் கை நுழைக்கும் ஓட்டைகளில் விட்டு, முதுகில் முடிச்சுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும்போது அது சரி. தனியாக விட்டுவிட்டுத் தூங்கப் போகும்போது நம்ப முடியாது, துணியோடு சேர்த்தே கடிப்பான், சிறுநீரில் நனைந்தால் காயமும் ஈரமாகும்.

காயத்தை எப்படிப் பார்ப்பது

காலையும் மாலையும் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றைச் சொறிந்துகொண்டே பாருங்கள். வெட்டின் இரண்டு ஓரமும் சேர்ந்திருக்க வேண்டும். லேசான சிவப்பு, சின்ன வீக்கம், பக்கத்தில் கன்றிப்போன நீலம், முதல் நாள் இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு சொட்டுக் கசிவு, இவை வழக்கம்தான். ஆறிய பிறகு தையல் கோட்டுக்கு அடியில் பட்டாணி அளவு கெட்டியாகத் தட்டுப்பட்டால், உள் தையல் கரையும் வரை இருக்கும், வலிக்காமலும் வளராமலும் இருந்தால் கவலை இல்லை.

குறி நுனியில் மஞ்சளாக வடிவதைக் காயத்துச் சீழ் என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் உண்டு. ஆண் நாய்களுக்கு அது பொதுவானதுதான், கருத்தடைக்குப் பிறகு நாளடைவில் குறையும்.

குளிப்பாட்டுவது கூடாது, மழையில் நனைவதும் கூடாது. மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், விபூதி, டெட்டால், மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஊதா ஸ்ப்ரே, எதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். கட்டும் வேண்டாம், காற்றோட்டமாக உலர்ந்து கிடந்தாலே ஆறிவிடும். நம் ஊரில் பெரிய எதிரி ஈ. ஈரமான, கசிகிற காயத்தில் முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். நாய் வீட்டுக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் கட்டித்தான் வளர்கிறது என்றால் இந்த இரண்டு வாரம் மட்டுமாவது உள்ளே கொண்டுவாருங்கள், படுக்கைத் துணியைத் தினம் மாற்றுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ரத்தம் சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தால். விதைப்பை ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடப் பெரிதாக வீங்கினால். தையல் பிரிந்து உள்சதை தெரிந்தால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால். ஈறு வெளுத்திருந்தால்: விரலால் ஈறை அழுத்திவிட்டு எடுங்கள், இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், திரும்பவில்லை என்றாலோ முதலிலேயே வெள்ளையாக இருந்தாலோ உள்ளே ரத்தம் போகிறது என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள், விடியட்டும் என்று உட்காராதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, 24 மணி நேரத்துக்கு மேல் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, சிறுநீருக்கு முக்குவது, இவையும் அப்படித்தான். நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் அளவே அதற்குச் சாதாரணம், 103-ஐத் தாண்டினால் சொல்லுங்கள். மூக்கு காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்பதை வைத்துக் காய்ச்சலைக் கணிக்க முடியாது.

தையல் பிரித்த பிறகு, ஆனால் இன்னும் ஒரு மாதம்

10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள், கரையும் தையலாக இருந்தாலும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கோனுக்கு விடைகொடுங்கள். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்.

ஆபரேஷன் முடிந்த அன்றே நாய் மலடாகிவிடுவதில்லை. விதை போனாலும் குழாயில் ஏற்கெனவே தேங்கிய விந்தணுக்கள் சில வாரம் உயிரோடு இருக்கும். பருவத்துக்கு வந்த பெண் நாய் பக்கம் குறைந்தது ஒரு மாதமாவது விடாதீர்கள். மார்கழி வாக்கில் செய்கிறீர்கள், தெருவில் ஒரு பெண் நாய் பின்னால் ஏழு நாய் ஊர்வலம் போகிறது என்றால் கேட்டை இரண்டு முறை பாருங்கள்.

இன்னொரு பீதி. சில மாதம் கழித்து, விருந்தாளி வந்த குஷியில் நாய் துள்ளும்போது குறியின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் உருண்டையாகப் புடைக்கும். எடுத்த விதை திரும்ப வந்துவிட்டதா என்று நான் உண்மையிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். அது எல்லா ஆண் நாய்க்கும் உள்ள திசு, உணர்ச்சிவசப்பட்டால் ரத்தம் நிறைந்து புடைத்து, தானே அடங்கிவிடும்.

குணம் மாறுமா

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "ஏம்மா, இனிமே திருடன் வந்தா குலைக்குமா?" குலைக்கும். அன்று மாலையே தபால்காரரைப் பார்த்துக் குலைத்தான். காவல் குணம் விதையில் இல்லை.

ஆண் ஹார்மோன் ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. பெண் நாயைத் தேடிச் சுவர் ஏறிக் குதித்து ஓடுவது நன்றாகவே குறையும். வண்டிச் சக்கரம், கட்டில் கால், துளசி மாடம் என்று கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும், தலையணை மேல் ஏறுவதும், மற்ற ஆண் நாய்களோடு மல்லுக்கு நிற்பதும் பல நாய்களுக்குக் குறையும், வாரங்களில் ஆரம்பித்து ஆறு மாதம் வரை ஆகலாம். வருடக்கணக்கில் செய்து பழகிய நாய் என்றால் கொஞ்சம் மிச்சமிருக்கும். தலையணை மேல் ஏறுவது வெறும் குஷியிலும் வரும், அதற்கு ஹார்மோன் வேண்டியதில்லை.

செருப்பைக் கடிப்பது, சங்கிலியை இழுப்பது, பட்டாசுக்கு நடுங்குவது, இவற்றுக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. பயத்தால் கடிக்கிற நாய்க்கு இது மருந்தும் இல்லை, சில பயந்த நாய்களுக்குப் பயம் கூடவும் செய்யலாம், அதற்குப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். விதையில் புற்றுநோய் வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கும் மலத்துக்கும் கஷ்டப்படுவது பெரும்பாலும் வராது, இதெல்லாம் லாபம்.

இன்னும் ஆபரேஷன் செய்யாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருப்பது லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனம் என்றால் ஆறு மாதத்திலேயே செய்ய அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 இனங்களை எடுத்துக்கொண்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் கருத்தடை செய்த பெரிய இனங்கள் பலவற்றில் மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்தது, சின்ன இனங்களில் அப்படி இல்லை. எலும்பு வளர்ந்து முடிவதற்கு அந்த ஹார்மோன் கொஞ்சம் தேவைப்படுகிறது. எந்த வயது என்பதை இனத்தையும் எடையையும் சொல்லி டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தட்டு

கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 20 முதல் 30 சதவீதம் வரை குறையும், பசியோ கூடும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டு, ஆபரேஷன் செய்ததால் நாய் குண்டாகிவிட்டது என்று சொல்கிறோம். காயம் ஆறியதும் வழக்கமான சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், நாளைக்கு 300 கிராம் உலர்தீனி என்றால் 240. சோறு போடுகிற வீடு என்றால் சோற்றைக் குறைத்து, கறியை அப்படியே விட்டு, கொஞ்சம் வேகவைத்த பூசணியோ கேரட்டோ சேருங்கள், தட்டு நிறைந்திருக்கும்.

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவது போல மெல்லிய சதைக்கு அடியில் தெரிய வேண்டும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இன்னும் குறையுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், வீட்டு மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறி, கழித்தால் போதும்.

ஆறாம் மாதம் புலி 19 கிலோ 400. தட்டில் நான் சரியாகத்தான் அளந்து போட்டேன். விசாரித்ததில், என் அப்பா காலைக் காபிக்கு இரண்டு, மாலைக் காபிக்கு இரண்டு என்று மாரி பிஸ்கட்டைப் பேப்பருக்கு அடியில் மறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்போது பிஸ்கட் டப்பா பரண் மேல் இருக்கிறது, இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை.